சீனம் பேசுபவருக்கு ஆங்கிலத்தின் உச்சநிலைத் தேர்வு: 191-இலேயே நின்றுவிட்ட எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என்ன செய்யலாம்?

செங்துவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலை காரணமாக நான்கு ஆண்டுகளாகச் சீனாவின் செங்து நகரில் இருக்கிறேன். எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பெண், கேம்பிரிட்ஜின் சி2 ப்ரொஃபிஷியன்சி தேர்வை டிசம்பரில் எழுதப்போகிறாள். நானும் 2016-இல் அதே தேர்வில் தேறியவள் என்று தெரிந்த நாளிலிருந்து, வாரத்தில் மூன்று மாலை எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். என்னை 'ஜியே' என்று அழைப்பாள். அக்கா என்று பொருள்.

அவளுடைய ஆங்கிலம் சாதாரணமானது அல்ல. ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகப் படிக்கும் சீனக் கல்லூரி மாணவர்களுக்கென்றே டெம்-8 என்று ஒரு தேர்வு உண்டு. அதில் தேறியவள். உரைபெயர்ப்பாளராக வேண்டும் என்பது அவளுடைய கனவு. ஆனால் மாதிரித் தேர்வுகளில் 188, 191, 190 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறாள். சி2 சான்றிதழுக்கு 200 வேண்டும். 180-இலிருந்து 199 வரை எடுத்தால், ஒரு படி கீழான சி1 சான்றிதழ் தருவார்கள். அது போதாதா என்று கேட்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

எங்கே சறுக்குகிறாள் என்று பாருங்கள். வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளின் நான்காம் பகுதியில், கொடுத்த சொல்லை மாற்றாமல், மூன்று முதல் எட்டுச் சொற்களுக்குள் ஒரு வாக்கியத்தைத் திருப்பி எழுத வேண்டும். 'நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது' என்ற பொருளில் ஒரு வாக்கியம். கொடுத்த சொல் 'ஸூனர்'. 'நோ ஸூனர் ஹேட் ஐ லெஃப்ட்' வரை பிசகில்லாமல் எழுதினாள். அடுத்து 'தேன்' வர வேண்டிய இடத்தில் 'வென்' என்று போட்டுவிட்டாள். 'ஹார்ட்லி'க்கு உரிய இணையை இதற்குக் கட்டிவிட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண், பாதி சரியென்றால் ஒன்று. ஆறு கேள்விகளிலும் இப்படி ஒவ்வொன்றாக உதிர்கிறது.

கட்டுரையைத் தொடங்கினால், தலைப்பு எதுவானாலும் முதல் வரி 'சமூகம் வளர்ச்சியடைந்து வருவதைத் தொடர்ந்து' என்றுதான் வரும். முடிவில் நாணயத்துக்கு இரண்டு பக்கங்கள். பள்ளியிலிருந்து எழுதிப் பழகிய வரிகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுடைய பழைய சொற்பட்டியல் புத்தகத்தை ஒருநாள் கொண்டுவந்து காட்டினாள். அகர வரிசையில் முதல் சொல் 'அபேண்டன்', கைவிடு. சீன மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாம் அது. முதல் இருபது பக்கங்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, ஓரம் சுருண்டிருந்தன. கடைசிப் பக்கங்கள் புதுத்தாள் மணத்தோடு இருந்தன. ஆறு முறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். அதைப் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. இத்தனை உழைப்புக்குப் பலன் கிடைத்தே ஆக வேண்டும். சீனம் பேசுபவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள், அவர்களோடு சேர்ந்து படித்தவர்கள் யாரேனும் வழி சொல்லுங்கள்.

கிள்ளான்காரர்

சகோதரி, நான் மலேசியாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் வகுப்புகளில் பாதிப்பேர் சீனப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த முகங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

முதலில் உங்களுக்கே உள்ள ஒரு வசதியைச் சொல்கிறேன். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அதில் பாதி இடங்களில் நாமும் தடுமாறியிருக்கிறோம். 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்கிறோம். சீனத்திலும் 'நான் நேற்று வாங்கிய' என்பது முன்னே வந்து, புத்தகம் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் புத்தகம் முன்னே வந்து நிற்க, அதைப் பற்றிய செய்தி பின்னால் வால்போல நீள்கிறது. இதனால்தான் அவர்கள் நீண்ட ஆங்கில வாக்கியம் எழுதத் தயங்கி, துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள். ஆங்கிலேய ஆசிரியருக்கு இது ஏன் கடினம் என்று புரியாது. உங்களுக்குப் புரியும்.

'ஏ', 'தி' இரண்டும் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. ஆனால் நமக்குக் காலம் காட்டும் இடைநிலை உண்டு: வந்தான், வருகிறான், வருவான். சீன வினைச்சொல் அப்படி உருமாறுவதே இல்லை. நேற்று, நாளை என்ற சொல்லும், செயல் முடிந்ததைக் காட்டும் சிறு இடைச்சொற்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அதனால் விதி தெரிந்திருந்தாலும், பேச்சு வேகத்தில் வினை மொட்டையாகவே வாயில் வரும். இதை அறியாமை என்று எண்ணித் திருத்தக் கூடாது. பழக்கமாக எண்ணித்தான் திருத்த வேண்டும்.

'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடுகிறாளா என்று கவனியுங்கள். சீனத்தில் இரண்டும் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். ஒன்றை விட்டால் வாக்கியம் நொண்டுவதுபோல் இருக்கும் அவர்களுக்கு.

இதெல்லாம் சி1 வரைக்குமான சிக்கல். 191-இல் நிற்பவளுக்கு உண்மையான சுவர் வேறு: எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. நாம் கனமழை என்கிறோம். ஆங்கிலத்திலும் மழை கனமானதுதான், 'ஹெவி'. சீனத்தில் மழை 'பெரியது'. இந்த ஒன்றில் நமக்கு அதிர்ஷ்டம். சீன மாணவர்கள் அறிவைப் 'படித்தேன்' என்று எழுதுவார்கள், 'ஸ்டடி நாலெஜ்' என்று. அவர்கள் மொழியில் அது முற்றிலும் இயல்பு. ஆங்கிலத்தில் அறிவைப் பெறலாம், திரட்டலாம், படிக்க முடியாது. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை காட்ட முடியாது. ஆனாலும் அது ஆங்கிலம் இல்லை. சி2 தாளில் முதல் பகுதி பெரும்பாலும் இந்த ஓர் இடத்தைத்தான் சோதிக்கிறது. நான்காம் பகுதியிலும் இது வரும்.

ஆகவே அந்தச் சொற்பட்டியலை அலமாரியில் வைத்துவிடச் சொல்லுங்கள். தனிச்சொல்லும் அதற்கு எதிரே ஒரு சீனச் சொல்லுமாக இருக்கும் பட்டியல் இனி அவளுக்கு உதவாது, கெடுக்கவும் செய்யும். ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைக்கட்டும். நாளைக்கு ஐந்து போதும்.

வூஹானில் படித்தவன்

நான் மதுரைக்காரன். வூஹானில் மருத்துவம் படித்தேன். என் விடுதித் தளத்தில் இருந்த சீன நண்பன் ஒருவன் ஆங்கிலத்தில் எழுதினால் அச்சடித்ததுபோல் இருக்கும். பேசச் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். இதற்குச் சீனத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது: 'யாபா யிங்யூ', ஊமை ஆங்கிலம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. அதற்காகப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தாளோடு போராடுகிறார்கள். வாய்க்கு வேலையே இல்லை.

அவன் கூச்சத்தை உடைத்தது ஆங்கில மூலைதான். மாலை வேளையில் திறந்த வெளியில் கூடி, தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வழக்கம் சீனப் பல்கலைக்கழகங்களில் உண்டு. பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இதில் பெயர்பெற்றது. எங்கள் வளாகத்திலும் இருபது முப்பது பேர் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிற்பார்கள். அரைகுறை வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியாததே அவனுக்குத் தைரியம் கொடுத்தது.

அவன் கடைசிவரை விடாமல் செய்த ஒரு பிழை: தன் அம்மாவை 'ஹீ' என்பான். சீனப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி, 'தா'. எழுத்தில்தான் வேறுபாடு. நமக்கோ அவன், அவள், அவர் என்று மரியாதை வரைக்கும் பிரித்துப் பழக்கம், ஆகவே அவர்கள் ஏன் குழம்புகிறார்கள் என்று நமக்கு விளங்குவதில்லை. நான் ஒரு வழி செய்தேன். அவன் குடும்பப் புகைப்படத்தை எடுத்துவைத்து, தாத்தா, பாட்டி, அத்தை என்று ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நிமிடம் பேசச் சொல்வேன். தவறினால் நான் வாய்திறக்க மாட்டேன். படத்தின்மேல் விரலை மட்டும் வைப்பேன். அவனே திருத்திக்கொள்வான்.

செங்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டே, அக்கா. அந்த வட்டாரப் பேச்சில் 'ந'வும் 'ல'வும் கலந்துவிடும். 'நைட்' சொல்கிறாளா 'லைட்' சொல்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

செங்துவாசி

கேட்டேன். கலக்கத்தான் செய்கிறாள். இத்தனை நாள் என் காது பழகிப்போய்க் கவனிக்கத் தவறிவிட்டேன். மூக்கை விரலால் பொத்திக்கொண்டு சொல்லச் சொன்னேன்: 'ல' வரும், 'ந' அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் அவள் உடம்பு உணர்ந்தது. சொற்களின் கடைசி மெய்யும் அப்படித்தான். பொதுச்சீனத்தில் சொல்லின் இறுதியில் 'ன்', 'ங்' போன்ற ஒன்றிரண்டு மெய்கள்தாம் வரும். அதனால் ஆங்கிலச் சொல்லின் வாலை விழுங்குகிறாள், அல்லது ஒரு உயிரைச் சேர்க்கிறாள். நாம் பஸ்ஸை 'பஸ்ஸு' என்பதுபோல.

நூல்வேலி

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இந்த இழையில் மனப்பாடத்தை எல்லோரும் நோயைப் போலப் பேசுகிறீர்கள். சீனப் பிள்ளைகளின் மிகப்பெரிய சொத்து அது. காலையில் வகுப்பு தொடங்குமுன் பள்ளி முழுவதும் உரக்கப் படிக்கும் 'ஸாவ்து' வழக்கத்தில் வளர்ந்தவர்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் எண்சுவடியும் அப்படித்தானே நாவில் ஏறின? பொருள் பிறகு புரிந்தது. புரிந்தபோது சொல் தயாராக இருந்தது. அந்தப் பழக்கத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு 'இயல்பாக எழுது' என்றால், கையில் இருக்கும் உளியைப் பறித்துக்கொண்டு சிலை செதுக்கச் சொல்வதைப் போன்றது.

நான் ஹாங்காங்கில் கணக்குத் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். என் குழுவில் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினார்கள். தேர்வறையிலிருந்து வந்தவர்கள் நினைவிலிருந்து சொல்லும் கேள்விகளைத் திரட்டி 'ஜீஜிங்' என்று தொகுத்து வைத்திருப்பார்கள். அதற்கு விடைகளை உருப்போட்டுப் போனார்கள். வேண்டிய மதிப்பெண் வாங்கினார்கள். அதைத் தவறென்று எப்படிச் சொல்வது? வீட்டில் பணம் புரட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு முறை தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

கிள்ளான்காரர்

ஐயா, நீங்கள் சொன்னதில் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். நான் எதிர்ப்பது மனப்பாடத்தை அல்ல, எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதை.

ஆனால் ஜீஜிங் விஷயத்தில் உடன்பட முடியாது. ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குக் கேள்விகள் குறிப்பிட்ட காலத்துக்குச் சுற்றில் இருக்கும். அதனால் அங்கே அது ஓரளவு பயன்படலாம். அதிலும், உருப்போட்ட விடையை எதிரே இருப்பவர் மூன்றாவது வாக்கியத்திலேயே கண்டுகொள்வார். குரலின் ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும். சி2-வில் அதற்கும் இடமில்லை. எழுத்துத் தாளின் முதல் கேள்வியைப் பாருங்கள். இரண்டு சிறு பத்திகளைக் கொடுத்து, அவற்றின் முக்கியக் கருத்துகளைச் சுருக்கி, எடைபோட்டு, சொந்தக் கருத்தையும் சேர்த்து 240 முதல் 280 சொற்களுக்குள் கட்டுரை கேட்கிறார்கள். 'சமூகம் வளர்ச்சியடைந்து வருவதைத் தொடர்ந்து' என்று தொடங்கினால், கொடுத்த பத்திக்குள் நுழையுமுன்னே ஒரு வாக்கியம் வீண்.

அச்சு வாக்கியத்தை, சீனர்கள் 'மூபான்' என்கிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டு 191 வரை வரலாம். அவளும் வந்திருக்கிறாள். அந்த மூபான்தான் இப்போது அவளுக்குக் கூரை.

அவளுடைய நினைவாற்றலை வேறு பக்கம் திருப்புங்கள். நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த முறை இது. நல்ல ஆங்கிலப் பத்தி ஒன்றை, ஐந்தாறு வரி போதும், சீனத்தில் பெயர்க்கட்டும். மூலத்தை மூடிவைத்து இரண்டு நாள் கழியட்டும். பிறகு தன் சீனப் பத்தியை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் திருப்பி எழுதட்டும். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடட்டும். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் சீனம் அவள் கையைப் பிடித்து எழுதியிருக்கிறது என்று பொருள். ஆசிரியர் ஒரு சிவப்புக் கோடும் போட வேண்டாம். உரைபெயர்ப்பாளராக விரும்பும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தேர்வு கடினம் என்று அவள் சோர்ந்தால் ஒன்றைச் சொல்லுங்கள். 1913-இல் இந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்கள் மூன்றே பேர். பன்னிரண்டு மணி நேரத் தேர்வு, மொழிபெயர்ப்பும் ஒலியியலும்கூட அதில் இருந்தன. மூவரில் ஒருவரும் தேறவில்லை.

நூல்வேலி

பெயர்த்துத் திருப்பி எழுதும் முறையை நானே என் குழுவினருக்குச் சொல்லப்போகிறேன். ஜீஜிங் பற்றி நான் சொன்னது அவர்களுடைய நிலைமையை எண்ணித்தான். இந்தத் தேர்வுக்கு அது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று: அந்தப் பத்தியை எழுதுமுன் ஒலிப்பதிவு கேட்டு, ஒரு அரை விநாடி பின்னாலேயே தொடர்ந்து சொல்லட்டும். சீனத்தில் 'கன்து' என்பார்கள். ஆங்கிலத்தில் சில அசைகள் அழுந்தி, மற்றவை நசுங்கிப்போகும். சீனத்தில் ஒவ்வொரு அசைக்கும் கிட்டத்தட்ட முழு இடம் உண்டு. அந்த நசுக்கலைக் காது பிடிக்காவிட்டால், கேட்டல் தாளில் ஒலிப்பதிவை இரண்டு முறை போட்டாலும் பயனில்லை.

பெனாங்கு வாசகி

இதுவரை யாரும் எண்களைத் தொடவில்லை. சீனத்தில் பத்தாயிரம்தான் அடிப்படை அலகு, 'வான்'. மில்லியன் என்று காதில் விழுந்தால் அவர்கள் 'நூறு வான்' என்று மனத்துக்குள் மாற்ற வேண்டும். நாம் பத்து லட்சம் என்று மாற்றுவதுபோல. எழுத்துத் தேர்வில் இது தொல்லை தராது. உரைபெயர்ப்பாளர் வேலையில் தினமும் தொல்லை தரும். இப்போதே பழகட்டும்.

பேச்சுத் தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டியது: அது இருவராகச் சேர்ந்து 16 நிமிடம். அறையில் தேர்வு நடத்துபவர்கள் இருவர், ஒருவர் பேச்சு கொடுப்பார், மற்றவர் பேசாமல் மதிப்பெண் இடுவார். இணையாளரோடு எப்படி உரையாடுகிறோம் என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. ஒரு சீனத் தோழியோடு நான் பயிற்சி செய்தபோது, நான் பேசி முடிக்கும்வரை அவள் கைகட்டிக் காத்திருப்பாள். குறுக்கே பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள். அந்த நல்ல குணம் அங்கே மௌனமாக எண்ணப்பட்டுவிடும். 'நீங்கள் சொன்னதில் இந்த ஓர் இடம்' என்று மற்றவர் பேச்சைப் பிடித்துக்கொண்டு நுழையக் கற்றுக்கொடுங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. 'நீ வரவில்லையா?' என்றால் நாம் 'ஆமாம், வரவில்லை' என்போம். சீனர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் அங்கே 'நோ' வர வேண்டும். எனக்கே இன்றுவரை ஒரு கணம் தடுக்குகிறது.

செங்துவாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோர் சொன்னதையும் செய்துபார்த்தோம்.

திருப்பி எழுதும் பயிற்சியின் முதல் நாள் அழுதுவிட்டாள். ஆறு வரியில் பதினொரு இடம் வேறுபட்டது. அதில் ஒன்று தேநீர். மூலத்தில் தேநீர் 'ஸ்ட்ராங்'. அவள் சீனத்தில் 'நோங்' என்று சரியாகப் பெயர்த்திருந்தாள், திருப்பும்போது அது 'திக்' ஆகிவிட்டது. கெட்டியான தேநீர். அடுப்பில் எங்கள் வீட்டு டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்களும் கெட்டியான டிகாஷன் என்றுதான் சொல்வோம் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் மொழியிலும் அப்படித்தானா என்று இரண்டு முறை கேட்டாள். ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, நோட்டில் 'ஸ்ட்ராங் டீ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டம்ளர் படம் வரைந்தாள்.

இப்போது பதினொன்று நான்காகக் குறைந்திருக்கிறது. நேற்றைய மாதிரித் தாளில் 'நோ ஸூனர்' மறுபடி வந்தது. 'தேன்' என்று எழுதியிருந்தாள். மொத்தம் 197. இன்னும் மூன்று.

புகைப்பட முறையும் பலன் தருகிறது. தன் பாட்டியைப் பற்றி இரண்டு நிமிடம் தடையின்றிப் பேசினாள். பஞ்ச காலத்தில் மலையிலிருந்து காட்டுக்கீரை பறித்துவந்து பிள்ளைகளைக் காப்பாற்றியவராம். நடுவில் ஒரு முறை 'ஹீ' என்று வந்தது. நான் விரலை எடுக்குமுன் 'ஷீ' என்று மாற்றிக்கொண்டு, நிற்காமல் மேலே போனாள்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. இணையாளர் இல்லை. நான் அக்கா என்பதால் என் பேச்சுக்குக் குறுக்கே வரவே மாட்டேன் என்கிறாள். அவளுக்கு முன்பின் தெரியாத, நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் இணையவழியில் வர முடியுமா?

பெனாங்கு வாசகி

நான் வருகிறேன். இங்கும் அங்கும் ஒரே நேரம்தான், கணக்குப் போட வேண்டியதில்லை. என் வயதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அக்கா. சொன்னால் என்னையும் ஜியே என்று அழைக்கத் தொடங்கிவிடுவாள்.